பிளாஸ்மா திரையைப் பெற்ற ஆய்வகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் தட்டைத் திரைகளின் கதையைச் சொன்ன கட்டுரை அருமை. பிளாஸ்மா திரை வரும் இடத்தில் மட்டும் கட்டுரையாளர் அவசரப்பட்டுவிட்டார். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் பிட்சர் 1964இல் கண்டுபிடித்தார் என்று ஒரே வரியில் கடந்துபோகிறார். வீட்டுத் தொலைக்காட்சிக்காக ஒரு தனிமனிதர் உட்கார்ந்து யோசித்துச் செய்த திரை என்றுதான் படிப்பவர்களுக்குத் தோன்றும். அது பிறந்தது மாணவர்களுக்குப் பாடம் சொல்லித்தர. பிறந்த இடம் அந்தப் பல்கலைக்கழகத்தின் கோஆர்டினேட்டட் சயின்ஸ் லேபரட்டரி. இந்த ஆய்வகத்தை விட்டுவிட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

ஆய்வகத்தின் பூர்வீகம் அவ்வளவு அழகானதல்ல. கொரியப் போர் நடந்துகொண்டிருந்த 1951இல், கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் லேபரட்டரி என்ற பெயரில், ராணுவத்துக்கான ரகசிய ஆராய்ச்சிக்கென்றே தொடங்கப்பட்டது. ஆரம்ப காலத்தில் அதை நடத்திய வீலர் லூமிஸ், இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்து ரேடார் ஆய்வகத்தில் துணை இயக்குநராக இருந்தவர். இயற்பியல்காரரையும் மின்பொறியாளரையும் ஒரே கூரையின் கீழ் வேலை வாங்கிப் பழகியவர். செயற்கைத் துளை ரேடார் என்று இப்போது சொல்கிறோமே, பறக்கும் விமானத்தின் சின்ன ஆண்டெனாவை மிக நீளமான ஆண்டெனாபோல வேலை செய்ய வைக்கும் உத்தி, அதை 1953இல் சால்மர்ஸ் ஷெர்வின் தலைமையிலான குழு இங்கே சோதித்துக் காட்டியது. (குட்இயர் நிறுவனத்தின் கார்ல் வைலி அதே எண்ணத்தை 1951இலேயே தனியாக எட்டியிருந்தார்.) மேகத்தையும் இருட்டையும் ஊடுருவித் தரையைப் படமெடுக்கும் இன்றைய செயற்கைக்கோள்கள் அந்த வழியில் வந்தவைதான். ஆனால் அன்று இதையெல்லாம் வெளியே பேச முடியாது. ஆய்வை அச்சில் கொண்டுவர முடியாத இடத்தில் ஒரு மாணவன் எப்படிப் பட்டம் வாங்குவான்?

1959இல் பெயரும் மாறியது, ரகசிய வேலையும் கைவிடப்பட்டது. டேனியல் ஆல்பர்ட் இயக்குநரானார். ஆய்வகத்தின் வரலாற்றிலேயே பெரிய முடிவு இதுதான் என்பேன். ராணுவப் பணம் நின்றுவிடவில்லை. முப்படைகளின் கூட்டு மின்னணுவியல் திட்டத்திலிருந்து அது வந்துகொண்டுதான் இருந்தது. கதவு மட்டும் திறந்தது.

திறந்த கதவின் முதல் பெரிய பலன் பிளேட்டோ என்ற கணினிவழிக் கல்வித் திட்டம். கணினியை வைத்துப் பாடம் நடத்தலாமே என்று பேச்செடுத்தவர் அதே ரேடார்க்காரர் ஷெர்வின். பொறியியல் கல்லூரியின் தலைவர் வில்லியம் எவரெட்டிடம் சொன்னார். எவரெட் ஆல்பர்ட்டைக் கூட்டம் போடச் சொன்னார். பொறியாளர்கள், கணிதவியலாளர்கள், உளவியலாளர்கள், நிர்வாகிகள் எல்லாரும் வாரக்கணக்கில் கூடிப் பேசினார்கள். ஒரு வடிவமைப்பில்கூட ஒத்துப்போக முடியவில்லை. பலதுறை ஆராய்ச்சி என்றால் ஆளுக்கொரு துறையிலிருந்து ஒருவரை அழைத்துக் கமிட்டி போடுவது என்று நம்புகிறவர்களுக்கு இந்த இடம் ருசிக்காது. முடியவில்லை என்று எழுதிக் கொடுக்குமுன் ஆல்பர்ட் இளம் மின்பொறியாளர் பிட்சரிடம் இதைச் சொன்னார். நான் செய்து காட்டுகிறேன் என்றார் அவர். பல்கலைக்கழகத்தின் சொந்தக் கணினியான இல்லியாக், ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, சில விசைகள்: 1960இல் பிளேட்டோ ஓடியது. கணிதவியலாளர் பீட்டர் பிரான்ஃபெல்ட் கூட நின்றார். அடுத்த ஆண்டே இரண்டு மாணவர்கள் ஒரே நேரத்தில் படிக்க முடிந்தது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். படக்குழாயில் தோன்றிய படம் உடனே மங்கிவிடும். ஓயாமல் திரும்பத் திரும்ப வரைந்தாக வேண்டும். அதற்கு ஒவ்வொரு மாணவரின் திரைக்கும் தனி நினைவகம் வேண்டும். அந்தக் காலத்தில் நினைவகம் வாங்குவது யானை வாங்குவதுபோல. ஆயிரம் மாணவருக்கு எங்கே போவது? அப்போதுதான் பிட்சரும் ஜீன் ஸ்லாட்டோவும் ஆய்வு மாணவர் ராபர்ட் வில்சனும், தானே நினைவில் வைத்துக்கொள்ளும் திரை ஒன்றைச் செய்தார்கள். அதுதான் பிளாஸ்மா திரை. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே நியான் வாயு, வெளிப்புறத்தில் மின்முனைகள், மாறுதிசை மின்னழுத்தம். ஒரு புள்ளியை ஒருமுறை எரியவிட்டால் கண்ணாடிச் சுவரில் மின்னூட்டம் தங்கிவிடுகிறது. அணைக்கும்வரை அதுவே எரிந்துகொண்டிருக்கும். 1972இல் வந்த பிளேட்டோவின் நான்காம் வடிவத்தின் ஆரஞ்சு நிறத் திரையில் 512க்கு 512, அதாவது 2,62,144 புள்ளிகள். தகவல் வந்ததோ நொடிக்கு 1200 பிட் வேகத்தில். முழுத் திரையையும் புள்ளி புள்ளியாக அனுப்பினால் மூன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். மாறிய புள்ளிகளை மட்டும் அனுப்பினால் போதும் என்ற வசதி இல்லாமல் அந்த வகுப்பறை நடந்திருக்காது. கல்விக்காரர்களின் பணமுடையைத் தீர்த்தது வாயு இயற்பியல்.

இன்னொரு ஆளையும் சொல்ல வேண்டும். பிளேட்டோவில் பாடம் எழுதுவதற்கான டியூட்டர் என்ற கணினி மொழியை உருவாக்கிய பால் டென்சர், அப்போது விலங்கியல் ஆய்வு மாணவர்! பேராசிரியர்கள் நிரலாக்கம் கற்காமலே பாடம் எழுத முடிய வேண்டும் என்பது அவருக்குத்தான் உறைத்தது. 1967இல் பிளேட்டோ தனி ஆய்வகமாகப் பிரிந்தது. தாய் ஆய்வகம் கட்டுப்பாட்டியல், தகவல் தொடர்பு, கணினியியல், ரோபாட்டிக்ஸ் என்று இன்றும் அதே பல்கலைக்கழகத்தில் இயங்குகிறது.

பிளாஸ்மா திரைக்கு 2002இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் துறையின் எம்மி விருது கிடைத்தபோது ஸ்லாட்டோ உயிருடன் இல்லை. அந்த விருது மூவருக்கும் உரியது. அடுத்த இதழில் திருத்தம் போட இடமிருந்தால், மூன்று பெயர்களையும் ஆய்வகத்தின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்