கைதுக்கு அரைப் பக்கம், விடுதலைக்கு ஒரு வரியும் இல்லை: மலேசிய ஊடக மன்றத்திற்கும் செய்தியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மலேசிய ஊடக மன்ற உறுப்பினர்களுக்கும், தலைநகரில் செய்தி எழுதுவோருக்கும், நாளேடுகளின் ஆசிரியர்களுக்கும், நாடகத் தயாரிப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் கோலாலம்பூரின் செந்தூல் வட்டாரத்தில் வசிப்பவன். இடைநிலைப்பள்ளியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற பின், அருகிலுள்ள ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தள மண்டபத்தில் வாரத்தில் மூன்று மாலைகள் எஸ்பிஎம் எனும் இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு எழுதும் மாணவர்களுக்கு இலவசமாகப் பாடம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அந்த மண்டபத்தில் தரையில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகளைப் பற்றி இந்நாட்டு மக்கள் தெரிந்து வைத்திருப்பதில் பெரும்பகுதி உங்கள் வழியாகப் போய்ச் சேர்ந்தது என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

என் மாணவன் ஒருவனுக்கு நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், பெயர் வேண்டாம். படிவம் ஐந்தை முடித்துவிட்டுத் தேர்வு முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களில் அவன் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒரு சனிக்கிழமை இரவு பந்து விளையாடிவிட்டு உணவகத்தில் நண்பர்களோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, அங்கு நடந்த போலீஸ் சோதனையில் அவனையும் சேர்த்து எட்டுப் பேர் அழைத்துச் செல்லப்பட்டார்கள். மறுநாள் மாஜிஸ்திரேட் நான்கு நாள் தடுப்புக் காவலுக்கு அனுமதி கொடுத்தார். திங்கட்கிழமை நாளேட்டில் எட்டுப் பேரும் வரிசையாக நிற்கும் படம் அரைப் பக்கத்திற்கு வந்தது. தலைப்பில் ‘குண்டர் கும்பல்’, ‘இந்திய இளைஞர்கள்’, ‘செந்தூல்’ ஆகிய மூன்றும் இருந்தன. கண்களின்மேல் கறுப்புப் பட்டை போட்டிருந்தார்கள். ஆனால் அவன் அணிந்திருந்த மஞ்சள் ஜெர்சி எங்கள் அடுக்குமாடிப் பந்துக் குழுவின் ஜெர்சி. அதையும் அவன் ஒரு தோளைச் சாய்த்து நிற்கும் விதத்தையும் பார்த்த எவருக்கும் அது யாரென்று தெரியாமல் போகவில்லை.

நான்காம் நாள் அவன் போலீஸ் ஜாமீனில் வெளியே வந்தான். அவன்மீது இன்றுவரை எந்தக் குற்றச்சாட்டும் பதிவாகவில்லை. அந்தச் செய்தி எந்த ஏட்டிலும் வரவில்லை. கிடங்கின் மேற்பார்வையாளர் இனி வர வேண்டாம் என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு வரி அனுப்பினார். அவனுடைய அம்மா அந்த ஜாமீன் தாளை ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப் போய் லேமினேட் செய்து வைத்திருக்கிறார். மகன் எங்கே வேலை கேட்டுப் போனாலும் அதையும் எஸ்பிஎம் சான்றிதழையும் ஒரே உறையில் போட்டுக் கொடுத்தனுப்புகிறார். பதினேழு ஆண்டுகள் வளர்த்த பிள்ளைக்கு அப்படியொரு சான்றிதழும் தேவைப்படும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

அந்த நாளேட்டுக்கு நானே தொலைபேசியில் பேசினேன். பதில் சொன்ன நிருபர் மரியாதையாகவே பேசினார். கைதைப் பற்றி அறிக்கையும் படமும் வந்தன, வெளியிட்டோம். விடுவித்ததைப் பற்றி யாரும் அறிக்கை தரவில்லை என்றார். அவர் சொன்னது உண்மை என்றே நம்புகிறேன். கைது என்பது செய்தியாளர் கூட்டத்தோடும் படத்தோடும் மேசைக்கு வந்து சேர்கிறது. விடுதலை என்பது ஒரு பின்மாலையில் ஒரு தாய் வாசலில் காத்திருந்து பிள்ளையைக் கூட்டிப் போவதோடு முடிந்துவிடுகிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117-ஆவது பிரிவின்கீழ் வழங்கப்படும் தடுப்புக் காவல், விசாரணையை முடிப்பதற்காகக் கொடுக்கப்படும் அவகாசம். 14 ஆண்டுகளுக்குக் குறைவான தண்டனை உடைய குற்றங்களுக்கு முதலில் அதிகபட்சம் 4 நாள், பிறகு 3 நாள். அதைவிடக் கடுமையான குற்றங்களுக்கு 7 நாளும் மேலும் 7 நாளும். அந்த அவகாசத்தில் எடுத்த படத்தை நாம் தீர்ப்பைப் போல அச்சிடுகிறோம், வாசகரும் அதைத் தீர்ப்பாகவே படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறார்.

இனி, இந்தப் பார்வை எப்படிக் கெட்டிப்படுகிறது என்பதற்கு வருகிறேன். 2013 ஆகஸ்டு இறுதியில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களைச் சட்டவிரோத அமைப்புகளாக அறிவித்தபோது இனவாரியான கணக்கையும் வெளியிட்டது. மொத்த உறுப்பினர்கள் 40,313 பேர். அவர்களுள் இந்தியர்கள் 28,926 பேர். எழுபது விழுக்காட்டைத் தாண்டிய அந்த எண் தலைப்புகளில் ஏறியது, கடைத்தெருவில் பேசப்பட்டது, என் வகுப்பில் ஒரு மாணவியே எழுந்து நின்று ‘சார், நம்ம ஆளுங்கதானே அதிகம்’ என்று கேட்கும் அளவுக்குப் பரவியது. அவளைக் கரும்பலகைக்கு அழைத்து ஒரு கணக்குப் போடச் சொன்னேன். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியர்கள் சுமார் 19 லட்சம் பேர். அதில் 28,926 என்பது நூற்றுக்கு ஒன்றரை. அமைச்சின் எண்ணை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், இந்தியர்களில் நூற்றுக்கு 98 பேருக்கும் மேல் எந்தக் கும்பலோடும் தொடர்பில்லாதவர்கள். சுண்ணக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் வெகுநேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் எண்ணை மறைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மக்கள்தொகையில் ஏறக்குறைய பதினான்கில் ஒரு பங்கே உள்ள சமூகத்திலிருந்து இத்தனை பேர் என்றால், அது ஒரு சமூகப் பேரிடர். அதை எழுதத்தான் வேண்டும். ஆனால் ஏன் என்ற கேள்வியோடு எழுத வேண்டும். நாட்டின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா இன்று நிற்கும் நிலம் ஒரு காலத்தில் பிராங் பெசார் போன்ற தோட்டங்களாக இருந்ததும், அங்கே தலைமுறைகளாக உழைத்தவர்கள் டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டதும், அந்தச் சுவர்கள் விரிசல் விட்டதும் நமக்குத் தெரிந்த கதை. தோட்டம் போனபோது வேலையும் வீடும் மட்டுமா போயின? கோயிலும் பாலர் பள்ளியும் பந்துத் திடலும், ஒரு பையன் தவறு செய்தால் தட்டிக்கேட்கப் பத்துப் பெரியவர்களும் சேர்ந்தே போனார்கள். சோதனை நடந்த செய்தியின் அருகே இந்தக் கதைக்கு நான்கு பத்தி இடம் கிடைத்திருந்தால், அந்த 28,926 என்ற எண் வேறு விதமாகப் படிக்கப்பட்டிருக்கும்.

அமெரிக்க ஊடக ஆய்வாளர் ஜார்ஜ் கெர்ப்னர் தொலைக்காட்சி பார்ப்போரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, அதிகம் பார்ப்பவர்கள் உலகத்தை அது உள்ளதைவிட ஆபத்தானதாகக் கருதுகிறார்கள் என்று காட்டினார். தன் வாழ்நாளில் ஓர் அடுக்குமாடித் தமிழ்ப் பையனோடு ஒரு வார்த்தையும் பேசியிராத ஒரு வேலைவாய்ப்பு அதிகாரிக்கு உங்கள் பக்கங்களைத் தவிர வேறு சாட்சி எங்கே இருக்கிறது? முகவரியில் செந்தூல் என்று எழுதத் தயங்கி, அத்தை வீட்டு முகவரியைக் கேட்டு வாங்கி விண்ணப்பத்தில் எழுதிய மாணவர்களை எனக்குத் தெரியும்.

தமிழ் நாடகத் தயாரிப்பாளர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுக்குமாடி வீடு திரையில் வந்தால் அங்கே பச்சை குத்திய ஒருவன் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறான், ஒரு தகப்பன் குடித்துவிட்டு வருகிறான், தோட்டப்புறப் பேச்சு என்றால் அது சிரிப்பதற்கு. விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்து பிள்ளைகளுக்குச் சோறு கட்டி வைத்துவிட்டு அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கப் போகும் பெண்ணும் அதே படிக்கட்டில்தான் இறங்குகிறாள்.

நம் பக்கத்துத் தவற்றையும் சொல்லாமல் விட்டால் இந்த மடல் நேர்மையானதாக இருக்காது. 2020-இல் கோவிட் கால நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது, மியன்மாரிலிருந்து தப்பி வந்த ரோஹிங்கியா மக்கள்மீது நாடெங்கும் வெறுப்பு கிளம்பியது. மே 1 அன்று மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் குடிநுழைவுத் துறையின் சோதனை நடந்தது. நம் தமிழ்ப் புலனக் குழுக்களில் அப்போது பகிரப்பட்டவற்றை நான் படித்தேன். நோய் பரப்புகிறவர்கள், அழுக்கானவர்கள், நன்றி கெட்டவர்கள் என்று, நம் தாத்தாக்களைப் பற்றி வேறு யாரோ வேறொரு காலத்தில் சொன்ன அதே சொற்களை நம்மவர்கள் தமிழில் எழுதினார்கள். இந்நாட்டில் பதிவு பெற்ற ரோஹிங்கியா அகதிகள் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டவர்கள். அவர்களை ‘சட்டவிரோதக் குடியேறிகள்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்துத் தமிழ்ச் செய்தி எழுதப்படும்போதெல்லாம் எனக்கு அந்த மஞ்சள் ஜெர்சிதான் நினைவுக்கு வருகிறது.

1970-களிலிருந்து பேச்சளவில் இருந்த ஊடக மன்றம் 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நடைமுறைக்கு வந்திருக்கிறது. நடத்தை நெறியை வகுப்பதும் பொதுமக்களின் புகார்களைத் தீர்ப்பதும் உங்கள் பொறுப்பில் இருக்கின்றன. பிரிட்டனின் செய்தி ஆசிரியர்கள் பின்பற்றும் நெறியில், ஒருவரது இனம், நிறம், மதம் ஆகியவை செய்திக்கு உண்மையிலேயே தொடர்புடையதாக இருந்தாலன்றிக் குறிப்பிடக் கூடாது என்ற விதி உண்டு. ஜெர்மனியின் ஊடக மன்றம் 2017-இல் தன் விதியைத் திருத்தியபோது, நியாயமான பொதுநலன் இருந்தால் குறிப்பிடலாம் என்று சற்றுத் தளர்த்தியது. இரண்டில் முதலாவதே நம் நாட்டுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. இனத்தைச் சொல்லியே பழகிவிட்ட நாட்டில் ‘பொதுநலன்’ என்ற கதவு எப்போதும் திறந்தே கிடக்கும்.

ஆனால் இன அடையாளத்தைவிட எனக்கு முக்கியமானது கைதுக்குப் பின் வர வேண்டிய இரண்டாவது செய்தி, அதாவது விடுதலைச் செய்தி. ஒருவரின் கைதைப் படத்தோடு வெளியிடும் ஏடு, அவர் குற்றச்சாட்டின்றி விடுவிக்கப்பட்டாலோ நீதிமன்றம் அவரை விடுவித்தாலோ, அதே பக்கத்தில் அதே அளவுக்கு அதையும் வெளியிட வேண்டும் என்று நெறியில் எழுதுங்கள். இணையத்தில் பழைய செய்தி கிடக்கும் இடத்திலேயே அந்த முடிவையும் சேர்க்கச் சொல்லுங்கள். கண்ணுக்குப் பட்டை போட்டால் முகம் மறைந்துவிட்டது என்று கொள்ளாமல், உடையும் இடமும் சேர்ந்து காட்டிக்கொடுப்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். புகார்ப் படிவத்தைத் தமிழிலும் கொடுங்கள், நேரில் வந்து வாய்மொழியாகச் சொல்லவும் இடம் வையுங்கள். என் மாணவனின் தாய் மலாய் பேசிக் கடைக்குப் போய் வருவார், அந்த மொழியில் கடிதம் எழுத மாட்டார்.

இந்த மடலோடு அந்த லேமினேட் செய்த தாளின் நகலை இணைக்கலாமா என்று அவரிடம் கேட்டேன். கதையைச் சொல்லுங்கள் சார், தாள் வேண்டாம், அதில் பையன் பேரும் ஐசி (அடையாள அட்டை) எண்ணும் இருக்கிறது என்றார். அதனால் இணைக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
செந்தூல், கோலாலம்பூர்.