கனகம் போட்ட கூச்சல்

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. முட்டி அறுவைக்குப் பிறகு கைப்பிடியைப் பிடிக்காமலே மாடிப்படி ஏறினாய் என்று படித்தவுடன் எனக்கே கால் லேசானது போலிருந்தது. ஆனாலும் அவசரப்படாதே. இங்கே கும்பகோணத்தில் பத்து நாளாக மழை. கொல்லைச் சுவரில் ஓதம் ஏறிவிட்டது, துணி உலர இடமில்லை. மற்றபடி எல்லோரும் சௌக்கியம்.

வெளியே போக முடியாத ஒரு சாயங்காலம், மருமகளோடு உட்கார்ந்து 'சில நேரங்களில் சில மனிதர்கள்' படம் பார்த்தேன். 1977-இல் நாம் பார்த்துவிட்டுத் தியேட்டரிலிருந்து விடுதி வரை சண்டை போட்டுக்கொண்டே நடந்தோமே, நினைவிருக்கிறதா? மழையில் காரில் ஏற்றிக்கொண்டவன் கெடுத்துவிட, வீடு திரும்பிய கங்காவைப் பார்த்து அவள் அம்மா கனகம் ஊரறியக் கூச்சல் போட்டாளே, அது இயற்கை என்றாய் நீ. எந்தத் தாயாக இருந்தாலும் பதறிக் கத்தத்தான் செய்வாள் என்று வாதாடினாய். நான் உன்னோடு இரண்டு நாள் பேசவில்லை. படம் விட்டு வந்த கூட்டத்தில் எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான்: அந்தப் பெண் காரில் ஏன் ஏறினாள்? கார் வைத்திருந்தவனைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

மருமகள் வேறு ஒன்று கேட்டாள். "அம்மா பேசாமல் உள்ளே கூட்டிக்கொண்டு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்றாள். அவளுக்கு முன்கதை தெரியாது. ஜெயகாந்தன் முதலில் எழுதியதே அப்படித்தான் என்று சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

1966-இல் ஆனந்த விகடனில் வந்த 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையை எடுத்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். அந்த அம்மாவும் முதலில் அடிக்கத்தான் செய்கிறாள். ஆனால் சத்தம் கேட்டு விசாரிப்பவர்களிடம், மழையில் நனைந்துகொண்டு வந்திருக்கிறாள் என்று சமாளித்துவிடுகிறாள். பிறகு மகளின் தலையில் தண்ணீரை ஊற்றுகிறாள். நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அந்தப் பெண் அப்போதும் எதையோ மென்றுகொண்டிருப்பாளே, கவனித்திருக்கிறாயா? அவன் கொடுத்த சூயிங்கம். அதைத் துப்பச் சொல்கிறாள் அம்மா. எத்தனையோ முறை படித்துவிட்டேன், அந்த இடத்தில் என் தொண்டை அடைக்காமல் இருந்ததில்லை. வாயிலிருப்பதைத் துப்பக்கூடத் தோன்றாத குழந்தை அது.

கதையைப் படித்தவர்களில் எத்தனை பேர் கொதித்துப் போனார்கள் என்பது உனக்கும் தெரியும். நம் வீட்டுப் பெரியவர்கள் பேசியதைக் கேட்டுத்தானே வளர்ந்தோம்! ஒரு தாய் இப்படி மன்னிப்பாளா, மூடி மறைப்பாளா, ஊர் என்ன ஆகும் என்று எதிர்ப்பு. ஜெயகாந்தன் என்ன செய்தார் பார். வாசகர்கள் இயற்கை என்று நினைத்ததையே எடுத்துக்கொண்டு ஒரு நாவல் எழுதினார். தினமணி கதிரில் 'காலங்கள் மாறும்' என்று தொடராக வந்து, புத்தகமானபோது நாம் அறிந்த பெயரைப் பெற்றது. இந்தக் கனகம் கூச்சல் போடுகிறாள். ஊருக்குத் தெரிகிறது. அண்ணன் வெளியே தள்ளுகிறான். நீங்கள் கேட்ட அம்மா இவள்தான், இனி இந்தப் பெண்ணின் கதியைப் பாருங்கள் என்று பக்கம் பக்கமாகக் காட்டினார். ஒரு பாத்திரம் ஏன் இப்படிச் செய்தது என்று கேட்டவர்களுக்கு இதைவிட நேர்மையான பதிலை நான் கண்டதில்லை.

படத்துக்குக் கதை வசனமும் அவரேதான். இயக்கியவர் பீம்சிங். 1961-இல் 'பாசமலர்' எடுத்து அண்ணன் தங்கைக்காக நாட்டையே அழவைத்தவர், தங்கையைத் துரத்தும் அண்ணனையும் எடுத்தார் என்பது இந்த முறைதான் எனக்கு உறைத்தது. கங்காவாக நடித்த லட்சுமியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தேசிய விருது கொடுத்ததில் வியப்பில்லை.

நாவலில் ஓரிடத்தை நாம் அன்று பேசவே இல்லை. தன் கதையை, நல்ல முடிவோடு, யாரோ ஓர் எழுத்தாளர் பத்திரிகையில் எழுதியிருப்பதைக் கங்கா பார்க்கிறாள். அதை அம்மாவிடம் படிக்கக் கொடுக்கிறாள். படித்துவிட்டு அழுகிறாள் கனகம். முகம் தெரியாத ஒருவருக்குத் தோன்றியது, பெற்றவளுக்கு அன்று தோன்றவில்லை. இருபது வயதில் அந்தப் பக்கங்களைக் கங்காவாக இருந்து படித்தேன். "நன்றாக அழட்டும்" என்றுகூட நினைத்தேன். இப்போது கனகமாக இருந்துதான் படிக்க முடிகிறது.

ஏன் என்று உனக்கு மட்டும்தான் தெரியும். எட்டு வருஷத்துக்கு முன்னால் என் மகள் புருஷன் வீட்டை விட்டு, கையில் ஒரே ஒரு பையோடு விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கினாளே, அன்று கதவைத் திறந்தவுடன் நான் என்ன கேட்டேன்? "எதிர்வீட்டில் யாராவது பார்த்தார்களா?" என்று கேட்டேன். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. அவள் இல்லையென்று தலையாட்டினாள். அதற்குப் பிறகுதான் வழிவிட்டேன். வெந்நீர் போட்டேன், தலை துவட்டிவிட்டேன், எல்லாம் செய்தேன். ஆனால் முதல் வார்த்தை அதுதான். கனகம் ஊருக்குக் கேட்கக் கத்தினாள், நான் ஊருக்குக் கேட்காமல் கத்தினேன், அவ்வளவுதான்.

ஆகவே அன்று நீ சொன்னது பாதி சரி. பதறுவது இயற்கைதான். ஆனால் இயற்கை என்று சொல்லி அதை விட்டுவிட என்னால் இப்போதும் முடியாது, சரோஜா. அந்தச் சிறுகதை அம்மாவுக்கும் பதற்றம் வந்தது, அவளும் கை நீட்டினாள். அடித்த கையாலேயே குடத்தைத் தூக்கினாள். இதைத்தான் ஒரு தாய் செய்யமாட்டாள் என்றார்கள். செய்வாள் என்றே நான் நம்புகிறேன்.

அத்தை தினமணி கதிர் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்திருந்த தொகுப்பைப் பரணிலிருந்து இறக்கினேன். குண்டூசி துருப்பிடித்து நாலைந்து பக்கங்களில் கறை, எழுத்து போகவில்லை. போனில் பேசும்போது மகள் கேட்டாள், "படித்துவிட்டுத் தருகிறேன், எடுத்து வை அம்மா" என்றாள். வெள்ளிக்கிழமை வருகிறாள். உறை போட்டு வைத்திருக்கிறேன்.

தை பிறந்ததும் நீ இங்கே வந்து ஒரு வாரம் இருக்கவேண்டும். கீழ் அறையை ஒழித்து வைக்கிறேன், படி ஏற வேண்டியதில்லை.

அன்புடன்,
விஜயா