கத்தி யார் கையில்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் நம் நாளிதழில் 'புற்றுக் கட்டியை அகற்றிய ரோபோ' என்று ஒரு செய்தி. கூடவே ஒரு படம்: வெள்ளை முகம், நீலக் கண், கையில் கத்தியோடு மனித உருவில் ஒரு ரோபோ. முப்பது வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக நின்றவள் நான். கடைசி நான்கு வருஷம் ரோபோ வைத்த தியேட்டரில்தான் டியூட்டி. அப்படி ஓர் ஆளை அங்கே பார்த்ததே இல்லை.

நான் பார்த்தது, நான்கு கைகள் உள்ள ஒரு ஸ்டாண்டு. ஒவ்வொரு கைக்கும் கிருமி நீக்கிய பிளாஸ்டிக் உறை மாட்டுவோம். எங்காவது பட்டுவிட்டால் கழற்றிவிட்டு வேறு உறை. சற்றுத் தள்ளி, மூலையில் கன்சோல், அதாவது ரோபோவை இயக்கும் இருக்கை. சர்ஜன் செருப்பைக் கழற்றிவிட்டு, சாக்ஸ் காலால் பெடலை மிதித்தபடி, நெற்றியைப் பதித்து உள்ளே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் விரல் அசைந்தால்தான் கருவி அசையும். தலையை வெளியே எடுத்தாரோ, எல்லாம் அப்படியே நின்றுவிடும். நோயாளி பக்கத்தில் கருவியை மாற்றிக் கொடுக்க இன்னொரு டாக்டர் நிற்பார். கருவியை இத்தனை தடவைதான் உபயோகிக்கலாம் என்று மெஷினே கணக்கு வைத்திருக்கும். கணக்கு முடிந்தால் புதுசு போல இருந்தாலும் ஏற்காது. பில் ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். இதை எந்தப் பேப்பரிலும் நான் படித்ததில்லை.

மெஷினை நான் குறை சொல்லவில்லை. புராஸ்டேட் ஆபரேஷனில் இடுப்புக்குழியின் ஆழத்தில் தையல் போடும்போது, மணிக்கட்டு போலத் திரும்பும் அந்தக் கருவியின் அருமை தெரியும். 2022-ல் ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்கு ரோபோ வந்தபோது எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் 'வலி குறைவு, ரத்த இழப்பு குறைவு, சீக்கிரம் வீடு திரும்பலாம்' என்று போடுகிறீர்களே, எதைவிடக் குறைவு? வயிற்றைத் திறந்து செய்வதைவிட, சரி. தொண்ணூறுகளிலிருந்தே நம் ஊரில், ரோபோ இல்லாமல் டாக்டரே கேமராவும் நீளக் கருவிகளும் விட்டுச் செய்கிற லேப்ராஸ்கோபியிலும் சின்னத் துளைகள்தானே? அதோடு ஒப்பிட்டு யாரும் எழுதுவதில்லை. மருத்துவமனை கொடுத்த பிரஸ் நோட்டில் அது இருக்காது, அதனால் செய்தியிலும் இருக்காது.

சின்னத் துளை என்றாலே நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. ஆரம்ப நிலைக் கருப்பை வாய்ப் புற்றுநோய் உள்ள 631 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2018-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. நாலரை வருஷம் கழித்து, திறந்து ஆபரேஷன் செய்தவர்களில் நோயின்றி இருந்தவர்கள் 96.5 சதவீதம், துளை வழியாகச் செய்தவர்களில் 86 சதவீதம். அதில் பெரும்பாலும் லேப்ராஸ்கோபி, கொஞ்சம் ரோபோ. மறு வருஷமே அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. ரோபோ கருவிகளைப் பற்றி எச்சரிக்கை விட்டது. நம் பேப்பர்களில் அது என் கண்ணில் படவில்லை.

பெரம்பூரில் என் கொழுந்தனாருக்குப் பித்தப்பையில் கல். ஸ்கேன் ரிப்போர்ட்டோடு ஒரு ரோபோ செய்தியையும் கத்தரித்து எடுத்துக்கொண்டு போனார். "உங்களுக்குச் சாதாரண லேப்ராஸ்கோபியே போதும்" என்றார் டாக்டர். நியாயமான பதில். இவர் காதிலோ, 'உன் வசதிக்கு இது போதும்' என்று விழுந்திருக்கிறது. வேறொரு மருத்துவமனைக்குப் போய், ஓரகத்தியின் செயினை அடகு வைத்து, ரோபோவிலேயே செய்துகொண்டார். இரண்டாம் நாள் வீடு. அதே வாரம் எதிர்வீட்டுக்காரருக்கும் அதே ஆபரேஷன், சாதாரண லேப்ராஸ்கோபியில். அவரும் இரண்டாம் நாள் வீடு. செயின் இன்னும் வரவில்லை.

அடுத்த முறை உங்கள் நிருபரை இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்: இந்த டாக்டர் இதுவரை ரோபோவில் எத்தனை கேஸ் செய்திருக்கிறார்? இதையே லேப்ராஸ்கோபியில் செய்தால் எவ்வளவு ஆகும்? அப்புறம், அந்த வெள்ளை முகப் பொம்மை வேண்டாம். கன்சோலில் உட்கார்ந்திருக்கும் டாக்டரைப் படம் எடுத்துப் போடுங்கள். சாக்ஸ் தெரிந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தியேட்டர் நர்ஸ்,
அயனாவரம், சென்னை.