அம்மாவின் பிறந்த தேதியில் கை வைக்காதீர்கள்

இணைய விண்ணப்பப் படிவத்தைப் பராமரிக்கும் பிரிவின் அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஏழு படிகள் கொண்ட அந்த உதவித்தொகைப் படிவத்தின் சிக்கல்கள் தங்களுக்குத் தெரியாதவை அல்ல. அவை எல்லாவற்றையும் இங்கே அடுக்கப்போவதில்லை. பிறந்த தேதிக்கான அந்த ஒரு கட்டத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

என் அம்மா மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் வசிக்கிறார். பிறந்தது 1952 மார்ச் 1. அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்களே அதைச் சொல்லிவிடும்: 520301. சென்ற சனிக்கிழமை இருவரும் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினோம். தேதியைத் தட்டச்சு செய்ய வழியில்லை. நாள்காட்டியில் ஆண்டைத் தாண்டிப் போகவும் வழியில்லை. அம்புக்குறியை அழுத்தி மாதம் மாதமாகப் பின்னால் போனோம், 800 தடவைக்கு மேல். பாதியிலேயே அம்மா விரல் வலிக்கிறது என்று கைப்பேசியை என்னிடம் கொடுத்துவிட்டார்.

ஐந்தாம் படியில் சிவப்பு எழுத்து வந்தது: பிறந்த தேதி அடையாள அட்டையோடு பொருந்தவில்லை. இரண்டாம் படிக்குத் திரும்பிப் பார்த்தால் பிப்ரவரி 29 என்று இருந்தது. நாங்கள் எதையும் தொடவில்லை. மீண்டும் முன்னே போய்த் திரும்பி வந்தோம். இப்போது 28.

அம்மா ஒன்றும் பேசாமல் எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த பிறப்புப் பத்திரத்தை எடுத்து வந்து விளக்கின் கீழ் பிடித்தார். "என் பத்திரத்தில்தான் பிழையோ?" என்று கேட்டார். குரல் நடுங்கியது. அவர் தோட்டப்புறத்தில் பிறந்தவர். காகிதத்தில் ஓர் எழுத்து பிசகியதால் குடிமக்களுக்கான நீல அட்டை கிடைக்காமல், நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அட்டையோடு வாழ்நாளைக் கழித்தவர்களைக் கண்ணால் பார்த்தவர். அந்தத் தலைமுறைக்கு ஒரு தேதி தவறு என்று சொல்வது சிறிய செய்தி அல்ல, ஐயா. தவறு அவரிடம் இல்லை என்று நம்ப வைக்க எனக்கு இரவு வரை ஆயிற்று.

நான் பாயான் லெப்பாஸில் மென்பொருள் வேலை செய்கிறேன். இந்தப் பிழை எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். தங்கள் படிவம் பிறந்த தேதியை ஒரு நாளாகக் கொள்ளாமல் ஒரு நொடியாகக் கொள்கிறது. மார்ச் 1 நள்ளிரவு என்று எடுத்து, அதை கிரீன்விச் நேரத்துக்கு மாற்றிச் சேமிக்கிறது. நம் நேரம் கிரீன்விச்சுக்கு 8 மணி முன்னே. 1982க்கு முன் தீபகற்ப மலேசியாவில் ஏழரை மணி. ஆகவே இங்கே நள்ளிரவு என்றால் அங்கே முந்தைய நாள் மாலை. திரும்பக் காட்டும்போது அந்த முந்தைய தேதியையே எடுத்துக்கொள்வதால், ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் ஒரு நாள் கழிந்துபோகிறது. மனிதர் பிறந்த நாளுக்கு நேர வலயம் எதற்கு? தேதியைத் தேதியாகவே வையுங்கள்: நாள், மாதம், ஆண்டு என்று மூன்று எண்கள், அவ்வளவுதான். பிரிட்டிஷ் அரசின் இணையப் படிவங்கள் மூன்று சிறு கட்டங்களில்தான் பிறந்த தேதியைக் கேட்கின்றன. தட்டச்சு செய்தால் முடிந்தது.

அடையாள அட்டை எண்ணும் பிறந்த தேதியும் ஒரே படியில்தான் கேட்கப்படுகின்றன. இரண்டையும் அங்கேயே ஒப்பிட்டுச் சொல்லாமல் ஐந்தாம் படிவரை ஏன் இழுக்க வேண்டும்? நாங்கள் தேதியைத் திருத்தியபோது முகவரி, வங்கிக் கணக்கு, வாரிசு விவரம் எல்லாம் அழிந்துபோயின. ஒரு முறை கொடுத்த விவரத்தை அதே வேலையில் மறுபடி கேட்கக் கூடாது என்று 2023 அக்டோபரில் வெளிவந்த உலகளாவிய இணைய அணுகல் வழிகாட்டியே (WCAG 2.2) சொல்கிறது.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்து அம்மாவைத் தங்கள் முகப்பிடத்துக்கு அழைத்து வந்தேன். "இணையத்தில் மட்டும்தான்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எல்லாக் கதவுகளையும் மூடிவிட்டு ஒரே ஒரு சன்னலைத் திறந்து வைத்தால், அந்தச் சன்னலாவது முதியவர்களின் கைக்கு எட்ட வேண்டாமா? பிள்ளைகள் அருகில் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? யாரோ ஒருவரிடம் வங்கி எண்ணையும் அட்டையையும் கொடுத்து நிரப்பச் சொல்கிறார்கள். இது ஆபத்து என்று தங்களுக்கும் தெரியும்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவோடு மறுபடியும் கேட்கிறேன்: தேதியைத் தேதியாகவே வையுங்கள். அது சரியாகும்வரை முகப்பிடத்தில் காகிதப் படிவத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். தேதி பொருந்தவில்லை என்று இதுவரை தள்ளப்பட்ட விண்ணப்பங்களை எடுத்துப் பாருங்கள். ஓரிரு நாள் மட்டும் குறைந்திருந்தால், தவறு அவர்களுடையது அல்ல என்று அவர்களுக்கு எழுதித் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த்திலிருந்து ஒரு மகள்