கழுத்து நின்ற பிறகு

காட்பாடி,
ஞாயிறு மாலை

அன்புள்ள கஸ்தூரி,

உன் கடிதம் கிடைத்து இரண்டரை மாதமாகிறது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் உன் பேத்தியின் கழுத்து வலியைப் பற்றி நீ கேட்டிருந்ததற்கு அரைகுறையாக ஏதாவது சொல்லிவைக்க மனம் வரவில்லை. என் பேரன் கதிருக்கும் அதே வலி; அவனை இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்த பிறகு எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. சின்னவள் குப்புற விழுந்துவிட்டாள்! உன் கடிதம் வந்த வாரம், வியாழக்கிழமை கூடத்தில் பாய் விரித்துப் போட்டிருந்தேன். நான் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போதே ஒரு பக்கம் சாய்ந்தாள், ஒரு கை அடியில் மாட்டிக்கொண்டது, அழப்போகிறாள் என்று நான் எழுவதற்குள் கையை இழுத்துக்கொண்டு குப்புற வந்துவிட்டாள். அப்புறம் இரண்டு கையையும் ஊன்றித் தலையைத் தூக்கினாள். முகமெல்லாம் சிவந்துபோய், தலை தள்ளாடி, ஐந்தாறு நொடி. கன்னம் பாயில் விழுந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி தூக்கினாள். இருபத்தெட்டு வருஷம் வகுப்பில் பிள்ளைத்தமிழ் நடத்தியிருக்கிறேன். செங்கீரைப் பருவம் என்றால் ஐந்தாம் மாதத்துக் குழந்தை தலை நிமிர்த்தி ஆடுவது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அது எவ்வளவு பெரிய உழைப்பு என்று அன்றைக்குத்தான் உட்கார்ந்து பார்த்தேன்.

அதே கூடத்தில், நாலடி தள்ளி, அவள் அண்ணன் கதிர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மடியில் போன். தாடை நெஞ்சைத் தொடாத குறை. ஒருத்தி தலையைத் தூக்கப் போராடுகிறாள், இன்னொருவன் தூக்கவே மறந்துவிட்டான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அவனுக்கும் உன் பேத்தி சொன்ன அதே வலிதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கழுத்தின் பின்பக்கம் இழுக்கிறது, தோளில் கல்லு மாதிரி இருக்கிறது, சில நாள் தலைவலி. வயது பதினொன்று! உன்னைப் போலவே நானும் பயந்தேன். பயத்தில் ஆன்லைனில் ஒரு முதுகு பெல்ட் வாங்கினோம். தோளைப் பின்னால் இழுத்துக் கட்டும் பெல்ட். நம் ஊர் வெயிலில் இரண்டு நாள் போட்டான், அக்குள் இரண்டும் சிவந்து வேர்க்குருவாகிவிட்டது. கழற்றியதும் பழையபடி கூன். பெல்ட் இழுத்துப்பிடிக்கும்போது முதுகுத் தசைக்கு அங்கே வேலை இல்லை, வேலை இல்லாத தசை எப்படி வலுவாகும் என்று பிறகு பிசியோதெரபி செய்யும் பெண் கேட்டாள். நீ வாங்கிவிடாதே.

அந்தப் பெண் கதிரைப் பார்த்த விதத்தைச் சொல்கிறேன். எக்ஸ்ரே எடுக்கச் சொல்வாள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவள் சட்டையைக் கழற்றச் சொல்லி, பையனைச் சுவரோரம் நிற்கவைத்தாள். குதிகால் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி, இடுப்பும் தோளும் சுவரில். "இப்ப கண்ணு நேரா பார்த்தபடியே தலையைச் சுவத்துல வை" என்றாள். வரவில்லை. பின்மண்டைக்கும் சுவருக்கும் நடுவில் அவளுடைய மூன்று விரல் தாராளமாக நுழைந்தது. தலையை ஒட்டவைக்க வேண்டுமானால் முகத்தை அண்ணாந்துகொண்டான். அடுத்து, முன்னால் குனிந்து கால்விரலைத் தொடச் சொல்லி, பின்னாலிருந்து முதுகு இரண்டு பக்கமும் ஒரே மட்டமாக இருக்கிறதா என்று பார்த்தாள். கடைசியாகக் குப்புறப் படுக்கவைத்து நெஞ்சைத் தூக்கச் சொன்னாள். தூக்கினான். கூன் அப்படியே நேராகிவிட்டது. "பாருங்கம்மா, நேராகுது. எலும்பு வளையலை, பழக்கம்தான் வளைஞ்சிருக்கு" என்றாள். எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது கஸ்தூரி.

நேராகாத கூனும் உண்டாம். வளரும் வயதில் சில பிள்ளைகளுக்கு முதுகெலும்புக் கட்டைகளே ஆப்பு மாதிரி முன்பக்கம் தட்டையாகி வளரும். அதற்கு ஷூயர்மன் கூன் என்று பெயர். முதுகு பக்கவாட்டில் வளைவது இன்னொரு வகை. இரண்டையும் போனோ புத்தகப் பையோ உண்டாக்குவதில்லை, ஆனால் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். அதேபோல ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, காய்ச்சல், உடம்பு இளைப்பது, கை கால் மரத்துப்போவது, நடை தடுமாறுவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது, இதில் எது இருந்தாலும் ஒரு நாள்கூடக் காத்திருக்காதே. முதுகெலும்பில் வரும் காசநோய்கூட முதலில் வெறும் முதுகு வலியாகத்தான் தெரியும்.

இப்போது, குனிந்து போன் பார்த்தால் கழுத்தில் 27 கிலோ பாரம் ஏறும் என்று நீ அனுப்பிய படத்துக்கு வருகிறேன். அதிலிருக்கும் 27 கிலோ கணக்கு யாரோ கட்டிவிட்டதில்லை. நியூயார்க்கில் முதுகெலும்பு அறுவை செய்யும் கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற டாக்டர் 2014இல் வெளியிட்டது. பெரியவர்கள் தலை ஐந்து கிலோ சுமார். 15 டிகிரி குனிந்தால் கழுத்துக்கு அது 12 கிலோ பாரம், 30 டிகிரிக்கு 18, 45க்கு 22, 60க்கு 27. கிட்டத்தட்ட நாம் மாதாமாதம் வாங்கும் ஒரு சிப்பம் அரிசி. காரணம் உனக்கே தெரியும். குடத்தை இடுப்பில் வைத்தால் ஒரு மைல் நடக்கலாம், அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்தால் வாசல் தாண்ட முடியாது. தலையும் முன்னால் போகப்போக அப்படித்தான், பின்கழுத்துத் தசைதான் இழுத்துப் பிடிக்கிறது. ஆனால் அது கணினியில் மாதிரி வைத்துப் போட்ட கணக்கு. யார் கழுத்திலும் அளந்து பார்த்ததில்லை, குழந்தைத் தலைக்குப் போட்டதும் இல்லை.

போன் பார்த்தால் பின்மண்டையில் கொம்பு முளைக்கிறது என்று அதே படத்தில் போட்டிருந்தார்களே, அதை மறந்துவிடு. ஆஸ்திரேலியாவில் இரண்டு பேர் எக்ஸ்ரே படங்களைப் பார்த்து 2018இல் எழுதியது. அந்த ஆய்வில் யார் எவ்வளவு நேரம் போன் பார்த்தார்கள் என்று கேட்கவே இல்லை. அடுத்த வருஷம் அவர்களே திருத்தம் போட்டார்கள். திருத்தம் நம் போனுக்கு வந்து சேரவில்லை, பயம்தான் வந்து சேர்ந்தது.

இன்னொன்றும் படித்தேன். பிரேசிலில் 18 முதல் 21 வயதுள்ள 150 பேரைப் பார்த்திருக்கிறார்கள். குனிந்து போன் பார்க்கிறவர்களுக்குக் கழுத்து வலி கூடுதலாக இருப்பதாகத் தெரியவில்லை. இதுவும் 2018இல் வந்ததுதான். சரி, குனிவது மட்டும் குற்றமில்லை என்றால் நம் பிள்ளைகளுக்கு ஏன் வலிக்கிறது?

எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. குடியாத்தத்தில் உங்கள் திண்ணையிலும் எங்கள் திண்ணையிலும் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களே. ஊறவைத்த இலை, தூள், நூல். விடியற்காலையில் குனிந்த தலை, ஆயிரம் பீடி ஆகும்வரை நிமிராது. நாமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து பீடிக்கு முனை மடித்துக் கொடுத்தோம். ராத்திரி அம்மா கழுத்தில் தைலம் தேய்த்துவிடுவது என் வேலை. அவள் தோள் என் விரலுக்கு எப்படி இருந்ததோ, அதே மாதிரிதான் இன்றைக்குக் கதிரின் தோள் இருக்கிறது. அதே இடம், அதே கெட்டி. அம்மா வயிற்றுப்பாட்டுக்காகக் குனிந்தாள், அவளுக்கு வேறு வழி இல்லை.

ஆனால் நமக்கு அந்த வயதில் ஏன் வலிக்கவில்லை? அரை மணி நேரம் மடிப்போம், "இலை எடுத்தாடி" என்பாள், ஓடுவோம். நூல் வாங்க ஓடுவோம். கணக்கு முடிந்ததும் தெருவில் நொண்டி, பாண்டி, இருட்டும்வரை. ஒரே இருப்பாக நாம் உட்கார்ந்ததே இல்லை. கதிர் உட்காருகிறான். ஒன்றே முக்கால் மணி நேரம் அவன் புட்டத்தைக்கூட நகர்த்தாமல் இருந்ததைக் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். கண் மட்டும் அசைகிறது, கட்டைவிரல் மட்டும் அசைகிறது.

முதுகெலும்பைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்ட பிறகு இதுதான் என்னை உறுத்துகிறது. பிறக்கும்போது குழந்தையின் முதுகு ஒரே வளைவு, வயிற்றில் சுருண்டிருந்த அதே வளைவு. கழுத்து நிற்கும்போதுதான் கழுத்து வளைவு நன்றாக உருவாகிறது. எழுந்து நின்று நடக்கும்போது இடுப்பு வளைவு. அந்தந்த அசைவு வந்தால்தான் அந்தந்த வளைவு. எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் வட்டுகளுக்கு, அந்தச் சின்ன வயது போனபிறகு, நேரடி ரத்த ஓட்டமே கிடையாது. சத்து ஊறித்தான் உள்ளே போக வேண்டும், அதற்கு அசைவு வேண்டும். உடம்பு தன்னைக் கட்டிக்கொள்கிற வயதில் பிள்ளையை அசையாமல் வைத்திருக்கிறோம்.

வைத்தது யார்? நான்தான். 2020இல் அவனுக்கு ஒன்றாம் வகுப்பே போனில்தான் நடந்தது, அதற்கு யாரையும் நோக முடியாது. ஆனால் அதற்கு முன்பே, மூன்று வயதில் சோறு ஊட்டக் கையில் போனைக் கொடுத்தவள் நான். வாயைத் திறந்தான், அசையாமல் சாப்பிட்டான், எனக்குச் சௌகரியமாக இருந்தது. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், ஐந்து வயதுவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று நம் குழந்தை மருத்துவர்கள் சங்கமே 2021இல் சொன்னது. அப்போது கதிருக்கு ஆறு முடிந்துவிட்டது. சின்னவளுக்கு என் கையால் போன் கொடுக்க மாட்டேன். நிலா காட்டி ஊட்ட மாடிப்படி ஏற முழங்கால் இடம் கொடுக்கும்வரை ஏறுவேன்.

இப்போது வீட்டில் என்ன செய்கிறோம் என்று கேட்டிருந்தாய். "நிமிர்ந்து உட்காரு" என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். சொன்னால் இரண்டு நிமிஷம் விறைத்து உட்காருவான், அதுவும் வலிதான். அதற்குப் பதில் அரை மணிக்கு ஒருமுறை அவனை எழுப்புகிறேன். கொடியில் துணி எடு, செடிக்குத் தண்ணீர் ஊற்று, பாப்பாவைத் தூக்கு. வாட்ஸப்பில் வரும் வீட்டுப்பாடத்தை எழுத, என் மாமனார் மண்டித் தெருக் கடையில் வைத்திருந்த சாய்வு மேசைப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். கணக்கு எழுதுகிற பெட்டி, மேல் பலகை சரிந்திருக்கும், கீழ் விளிம்பில் பென்சில் உருளாமல் ஒரு சட்டம். அந்தச் சட்டத்தில் போன் அழகாக நிற்கிறது! கையில் பிடிக்க வேண்டாம், தலை பாதி நிமிர்ந்துவிட்டது. அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளைகள் நாள் முழுக்க உட்கார்ந்து எழுதியவர்கள், பலகையைச் சும்மாவா சரித்து வைத்தார்கள்? படம் பார்ப்பதென்றால் டிவியில்தான், தூரத்தில்.

காலையில் இரண்டு பயிற்சி. தாடையைக் கழுத்துக்குள் இழுத்து ஐந்து எண்ணிவிட்டு விடுவது, தோள்பட்டை எலும்பு இரண்டையும் முதுகில் சேர்ப்பது. பத்துப் பத்து தடவை. நானும் அவன் எதிரில் நின்று செய்கிறேன்.

ஐந்தரை மணிக்கு வெயில் தாழ்ந்ததும் விளையாட அனுப்பிவிடுகிறேன். ஒரு மணி நேரம் ஓட வேண்டும் என்பது அந்தப் பெண் கண்டிப்பாகச் சொன்னது. சனி ஞாயிறு வேலூர்க் கோட்டைக்குப் போகிறோம், அகழியை ஒட்டி நடை, மைதானத்தில் பையன்களோடு கிரிக்கெட். முதல் வாரம் அழுதான். போனுக்காகச் சண்டை, கதவை அறைந்தான், என்னோடு பேசவில்லை. அதைக் கடக்க அவன் அம்மாவும் அப்பாவும் தங்கள் போனைச் சாப்பாட்டு நேரத்தில் அலமாரியில் வைக்க வேண்டியிருந்தது. அது கதிரைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஒரு நாள் இரண்டாம் நம்பர் பஸ்ஸில் பாகாயம் பக்கம் போகும்போது, "முதுகெலும்பு உடைஞ்சா என்ன ஆகும் பாட்டி?" என்றான். மேரி வர்கீஸ் கதையைச் சொன்னேன். 1954 விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போன வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி டாக்டர், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைக்கு அறுவை செய்தவர், 1966இல் இதே பாகாயத்தில் மறுவாழ்வு மையம் தொடங்கியவர். நன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு எதுவும் உடையலை இல்ல?" என்றான். உடையவில்லை என்று சொல்லி அவன் முதுகைத் தடவிக் கொடுத்தேன். இறங்கும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

இரண்டு மாதமாகிறது. தலைவலி போய்விட்டது. கழுத்து வலி பரீட்சை சமயத்தில் எட்டிப் பார்க்கிறது. சுவரில் இடைவெளி மூன்று விரலிலிருந்து ஒன்றரை விரலாகியிருக்கிறது.

உன் பேத்தியையும் இன்று ராத்திரியே சுவரோரம் நிற்கவைத்துப் பார். குப்புறப் படுக்கவைத்து நெஞ்சைத் தூக்கச் சொல். கூன் நேராகிறதா, எத்தனை விரல் நுழைகிறது என்று எழுது. நேராகாவிட்டால் ஓசூரிலேயே நல்ல எலும்பு டாக்டரிடம் காட்டு, இல்லையென்றால் இங்கே கூட்டிவா, நான் கூட வருகிறேன். காலாண்டு விடுமுறைக்கு எப்படியும் அனுப்பிவை. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் வாங்கிவைக்கிறேன், உனக்கும் சேர்த்து.

அன்புடன்,
விஜயா