போர்டுல இருக்கிற லைசென்ஸ் யாரோடது, வயரைத் தொடுற கை யாரோடது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழை ஆரம்பிச்சா போதும், ஈரக்கையால ஸ்விட்ச் போடாதீங்க, கம்பத்துல ஆடு மாடு கட்டாதீங்க, அறுந்து கிடக்குற வயர் கிட்ட போகாதீங்கன்னு எல்லா பேப்பர்லயும் ஒரு பாக்ஸ் போட்டுடறீங்க, நல்லதுதான், வேணாம்னு சொல்லல. ஆனா வீட்டுக்குள்ள வயரிங் பண்ண வர்றவர் யாரு, அவர்கிட்ட என்ன சர்டிபிகேட் இருக்குன்னு கேளுங்கன்னு ஒரு வரி அதுல வந்து நான் பாத்ததே இல்ல. எங்க பக்கத்துக்கு அதுதான் சார் முக்கியம்.

வடசென்னையில தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, காசிமேடு பக்கம் வீடுங்க எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். அப்பா காலத்துல ரெண்டு லைட்டு ஒரு ஃபேனுக்குன்னு இழுத்த வயரு, அது மேல பிள்ளைங்க காலத்துல மாடியில ஒரு போர்ஷன், அதுக்கு மேல ஷீட்டு போட்டு இன்னொரு ரூம், எல்லாத்துக்கும் அதே லைன்லேர்ந்து இழுத்துக்கிட்டே போயிருப்பாங்க. இப்ப அந்த ஷீட்டு ரூமுக்கு ஒன்றரை டன் ஏசி, கீழ கீஸர். ஏசி ஓடும்போது சுமாரா 7, 8 ஆம்ப் எடுக்கும், 2000 வாட்ஸ் கீஸர் 9 ஆம்ப் கிட்ட எடுக்கும், ரெண்டையும் லைட்டுக்குப் போட்ட 1.5 ஸ்கொயர் எம்எம் வயர்ல மாட்டினா வயர் சூடாகாம என்ன பண்ணும்? எம்சிபி, அதான் லோடு ஜாஸ்தியானா தானா கரண்டை கட் பண்ற ஸ்விட்ச், அடிக்கடி விழும், விழறதுதான் அதோட வேலை. நம்ம ஆள் வந்து பாத்துட்டு "எம்சிபி வீக்கா இருக்குக்கா"ன்னு சொல்லி 32 ஆம்ப் ஒண்ணு மாட்டிட்டு காசு வாங்கிட்டு போயிடுவார். அப்புறம் எம்சிபி விழாது. செவுத்துக்குள்ள வயரு உருகினாலும் விழாது.

இதே மாதிரி இன்னொரு கொடுமை, கரண்ட் திரும்பிப் போற நியூட்ரல் வயரையும், லீக் ஆகுற கரண்டை மண்ணுக்குள்ள இறக்குற எர்த் வயரையும் ஒண்ணா லூப் பண்றது. வீட்டுக்கு ஒழுங்கான எர்த் குழி இருக்காது, த்ரீ பின் சாக்கெட்டுல எர்த் பாயிண்ட் சும்மா இருக்கேன்னு நியூட்ரல்லேர்ந்து ஒரு துண்டு வயரை அதுல குடுத்துடுவாங்க. டெஸ்ட் லாம்ப் வெச்சு பாத்தா எரியும், ஆஹா எர்த் வந்துடுச்சுன்னு நாமளும் நம்பிடுவோம். எங்கயாவது நியூட்ரல் விட்டுப் போச்சுன்னா பிரிட்ஜ், வாஷிங் மெஷின் பாடியிலயே கரண்ட் வந்து நிக்கும். பக்கத்துல கடல், உப்புக்காத்துல டெர்மினல் ஸ்க்ரூ எல்லாம் பச்சை புடிச்சு லூஸ் ஆகுற ஊர் இது, நியூட்ரல் விட்டுப் போறது இங்க ஒண்ணும் அதிசயம் இல்ல.

ஆர்சிசிபின்னு ஒண்ணு இருக்கு, எம்சிபி மாதிரியே இருக்கும், ஆனா வேலை வேற. எம்சிபி காப்பாத்துறது வயரை, இது காப்பாத்துறது மனுஷனை. போற கரண்டும் திரும்பி வர்ற கரண்டும் சமமா இருக்கான்னு பாத்துக்கிட்டே இருக்கும், 30 மில்லி ஆம்ப் வித்தியாசம் வர்றதுக்குள்ள கட் பண்ணிடும். எங்க பக்கம் ஈரச்செவுரு வீடுங்கள்ல இதை மாட்டினா அடிக்கடி விழுது, எங்கயோ லீக் ஆகுதுன்னு அர்த்தம், ஆனா லீக்கைத் தேடாம "இது தொந்தரவுக்கா"ன்னு பைபாஸ் பண்ணி விட்டுடறாங்க. பொட்டி மட்டும் அழகா போர்டுல உக்காந்திருக்கும். அதுல 'டி'ன்னு ஒரு பட்டன் இருக்கும், மாசம் ஒருவாட்டி அமுக்கிப் பாருங்க, விழலேன்னா ஆளைக் கூப்பிடுங்க.

சரி, எந்த ஆளை? கடை போர்டுல "அரசு உரிமம் பெற்ற"ன்னு பெருசா போட்டிருப்பாங்க. அந்த லைசென்ஸ் கான்ட்ராக்டரோடது. வீட்டுக்கு வர்றது நேத்து வேலைக்குச் சேந்த பையன். நம்ம ஊர்ல மின் உரிம வாரியம் மேற்பார்வையாளருக்கு ஒண்ணு, வயர்மேனுக்கு ஒண்ணு, ஹெல்பருக்கு ஒண்ணுன்னு தனித்தனியா தகுதிச் சான்று குடுக்குது, சி லைசென்ஸ், பி லைசென்ஸ், எச் லைசென்ஸ்னு சொல்வாங்களே அதுதான். ஐடிஐ படிச்ச சர்டிபிகேட் வேற, இது வேற. மத்திய மின்சார ஆணையம் 2010ல போட்டு, 2023ல புதுசா மாத்தி எழுதின பாதுகாப்பு விதியிலயே இருக்கு, பல்பு, ஃபேன், ஃப்யூஸ், ஸ்விட்ச் மாத்துறதுக்கு யாரும் கேக்க மாட்டாங்க, ஆனா புதுசா லைன் இழுக்குறது, இருக்குறதை மாத்துறதுன்னா லைசென்ஸ் கான்ட்ராக்டர் மூலமாத்தான் பண்ணணும், சான்று வெச்சிருக்குறவர் மேற்பார்வையிலதான் நடக்கணும். நடைமுறையில என்னன்னா புது கனெக்‌ஷனுக்கு வயரிங் சரியா இருக்குன்னு சொல்ற ரிப்போர்ட்ல கையெழுத்து வேணும்னா மட்டும் லைசென்ஸ்காரரைத் தேடுறோம், அவர் வீட்டுப் படி கூட ஏறாம கையெழுத்து போட்டுக் குடுத்துடறார், நாமளும் காசு மிச்சம்னு சந்தோஷப்படுறோம்.

அதனால கார்டைக் காட்டுப்பான்னு கேக்கறதுல கூச்சமே வேணாம். கார்டோட கெடு நாள் முடிஞ்சிருக்கா, போட்டோ அவரோடதுதானான்னு பாருங்க. அதுக்கப்புறம் ஒரே ஒரு கேள்வி, மெகர் இருக்கான்னு, அதான் வயரோட உறை வழியா கரண்ட் கசியுதான்னு அளக்குற மீட்டர். வேலை முடிஞ்சதும் 500 வோல்ட் மெகர் வெச்சு இன்சுலேஷன் பாக்கணும், ஒரு மெக் ஓமுக்குக் குறையக்கூடாது. வெறும் டெஸ்டர் ஸ்க்ரூ டிரைவரோட வர்றவர் இந்தக் கேள்விக்கு முழிக்கிற முழியிலயே தெரிஞ்சிடும். வயர் பாரிஸ் கார்னர் கடைங்கள்ல சீப்பா கிடைக்குதுன்னு அவர் வாங்கிட்டு வந்தா காயில்ல ஐஎஸ்ஐ முத்திரையும் அது கீழ நம்பரும் இருக்கான்னு பாத்துட்டு, அந்த நம்பரை, ஐஎஸ்ஐ முத்திரை குடுக்குற பிஐஎஸ்ஸோட 'பிஐஎஸ் கேர்' ஆப்ல போட்டுப் பாருங்க.

லைசென்ஸ் இல்லாதவங்க எல்லாம் வேலை தெரியாதவங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். எங்க தெருவுல இருபது வருஷமா வயரிங் பண்ற அண்ணன் ஒருத்தர் இருக்கார், கை வேலை அவ்ளோ சுத்தமா இருக்கும், கார்டு மட்டும் கிடையாது. இவரை மாதிரி ஆளுங்களுக்குத்தான் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு அரசு ஐடிஐல நடக்குது, 5 வருஷ அனுபவமும் 21 வயசும் இருந்தா எழுதலாம். அவருக்கு இது தெரியவே தெரியாது, நான் சொல்லித்தான் "அப்படியாம்மா?"ன்னு கேட்டார். அந்தத் தேர்வு அறிவிப்பு வரும்போது ஒரு மூலையில பொடி எழுத்துல போடாம கொஞ்சம் பெருசா போடுங்க சார், வடசென்னை பதிப்புலயாவது.

மின்வாரியத்துக்கும் ஒரு கோரிக்கை. கரண்ட் போச்சுன்னா மின்னகம் நம்பர் 94987 94987 இருக்கு, சரி. மீட்டருக்கு அப்புறம் வீட்டுக்குள்ள இருக்குறது எங்க பொறுப்புன்னு சொல்றீங்க, அதுவும் சரி. ஆனா அந்த வேலைக்கு யாரைக் கூப்பிடணும்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு பிரிவு அலுவலகத்துலயும் அந்த ஏரியாவுல நடப்புல லைசென்ஸ் இருக்குற கான்ட்ராக்டர், வயர்மேன் பேரு ஒரு லிஸ்ட் எடுத்து, பில் கட்டற கவுண்டர் பக்கத்துல ஒட்டி வைங்க. ஆறு மாசத்துக்கு ஒருவாட்டி மாத்தினா போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை.