சனசமூக நிலையத்து வாங்கில் இருந்த இதய வைத்தியர்

ஆசிரியருக்கு வணக்கம்.

இங்கிலாந்தில் ஓய்வுபெறும் நம்மூர் இதய வைத்தியர் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். படித்த படிப்பு, வகித்த பதவிகள், வாங்கிக் கொடுத்த கருவிகள் எல்லாம் அதில் இருந்தன. எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்து வாங்கில் இருந்து அவர் செய்த வேலையைத்தான் காணவில்லை. என்னைக் கேட்டால் அதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவபீடம் தொடங்கியது 1978இல். அதன் ஆரம்பகால மாணவர்களில் ஒருவர் இவர். 83க்குப் பிறகு வெளிநாடு போனார். போனவுடன் இதயப் பிரிவில் இடம் கிடைத்துவிடவில்லை. தெற்காசியாவிலிருந்து போன வைத்தியர்கள் பலருக்கு அந்தக் காலத்தில் அங்கே கிடைத்தது முதியோர் மருத்துவமும் மனநல மருத்துவமும், அந்நாட்டவர் போக விரும்பாத ஊர்களில் குடும்ப வைத்தியர் வேலையும்தான். இவரும் ஆறு மாதம் ஓர் ஊர், ஆறு மாதம் இன்னோர் ஊர் என்று பெட்டியோடு அலைந்தார். முதியோர் வார்ட்டில் இரவு வேலை செய்துகொண்டே பரீட்சை எழுதி, விரும்பிய துறைக்குள் போகப் பல வருடங்கள் ஆயின. நோயாளிக்குப் பக்கத்தில் இருந்து ஆறுதலாகக் கதைக்கப் பழகியது அந்த வார்ட்டில்தான் என்று ஒருநாள் எங்களிடம் சொன்னார்.

யுத்தத்தால் பூட்டியிருந்த, யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை 2002இல் திறந்தபோது முதல் தடவையாக ஊருக்கு வந்தார். 2006இல் பாதை பூட்டியதும் வரவு நின்றது. யுத்தம் முடிந்த பிறகு ஒவ்வொரு ஆவணியிலும் வரத் தொடங்கினார். மற்றவர்கள் நல்லூர்த் தேருக்கு வந்து நிற்கும் நாள்களில், இவர் பிரஷர் பார்க்கும் கருவியோடு காலை ஏழு மணிக்கே சனசமூக நிலையத்துக்கு வந்துவிடுவார். பேப்பர் வாசிக்க வருகிற ஆண்கள்தான் அவருக்கு முக்கியம். அவர்கள் தாமாகக் கிளினிக்குக்குப் போகமாட்டார்கள் அல்லவா? சுருட்டுப் புகையை உள்ளுக்கு இழுப்பதில்லை, அதனால் ஒன்றும் செய்யாது என்று வாதாடிய பெரியவர்களோடு அரை மணி நேரம் பொறுமையாகக் கதைப்பார். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் மூன்றும் ஒரே சாப்பாட்டில் வேண்டுமா என்று கேட்பார்.

அவர் திரும்பத் திரும்பச் சொன்னது வாய்வைப் பற்றி. நம்மூரில் நெஞ்சு நொந்தால் முதலில் வாய்வு என்கிறோம். சோடா குடிக்கிறோம், ஓமத்தண்ணீர் குடிக்கிறோம், விடியட்டும் பார்ப்போம் என்று படுக்கிறோம். இதயத்துக்குப் போகும் குழாயில் இரத்தம் கட்டிபட்டு அடைத்துவிட்டால் அதற்கு அப்பாலுள்ள தசை நிமிடத்துக்கு நிமிடம் சாகத் தொடங்கும். கட்டியைக் கரைக்கும் ஊசி முதல் ஓரிரு மணித்தியாலத்துக்குள் போனால்தான் பெரும்பலன் என்பார். சீனி வருத்தக்காரருக்கும் பெண்களுக்கும் நோவே இல்லாமல் மூச்சு முட்டலும் வியர்வையுமாக வரலாம் என்பதையும் விடமாட்டார். இதையெல்லாம் ஒரு பக்கத் தாளில் தமிழில் எழுதி வீட்டுக்கு வீடு கொடுத்தார். 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் வரும் இலவச அம்புலன்ஸ் சேவை 2018இல் வடக்குக்கு வந்தபோது, மிஞ்சியிருந்த தாள்களில் அந்த இலக்கத்தைப் பேனாவால் தானே எழுதினார்.

அடுத்த வருடம் ஒருநாள் விடியப்புறம் என் கணவர் எழுந்து இருந்து சோடா கேட்டார். சட்டை நனைய வியர்த்திருந்தது. இடது கை பாரமாக இருக்கிறது என்றார். சோடாப் போத்தலைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போதுதான் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த தாள் கண்ணில் பட்டது. 1990க்கு எடுத்தேன். வைத்தியசாலையில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, கட்டியைக் கரைக்கும் அந்த ஊசியைப் போட்டார்கள். இன்றைக்கும் அவர் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிறார். நான்கு வீடு தள்ளி, அதே வருடம், விடியும்வரை பொறுத்துப் பார்த்த ஒருவர் போய்விட்டார். அவருடைய வீட்டில் அந்தத் தாள் இருக்கவில்லை.

கருவிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து ஆசையோடு அனுப்பிய இதய ஸ்கான் கருவி ஒன்று, இயக்கப் பழகியவர் மாற்றலாகிப் போனதால் உறை போட்டு மூலையில் கிடந்ததை ஒரு வைத்தியசாலையில் என் கண்ணால் கண்டேன். அனுப்பியவர்களுக்கு அது தெரியாது. மாலை போட்டுப் படம் எடுத்த நாளோடு அந்தக் கதை முடிந்துவிட்டது. கருவிக்குக் காசு சேர்க்கும் பழைய மாணவர்கள், அதை இயக்க இங்கே இரண்டு பேரையாவது பழக்கவும் காசு ஒதுக்க வேண்டும்.

கிறீன் வைத்தியரை நாங்கள் ஏன் மறக்கவில்லை? அவரும் நாடு விட்டு நாடு வந்த வைத்தியர்தான், திசைதான் வேறு. 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்து, மானிப்பாயில் மருத்துவம் படிப்பித்தார். பின்னர் தமிழிலேயே படிப்பித்து, ஆயிரக்கணக்கான பக்கங்களைத் தமிழில் கொண்டுவந்தார். அந்த மண்ணில் நின்றுகொண்டு, வைத்தியசாலையிலிருந்து வரும்போது தருகிற அட்டையை இன்றைக்கும் ஆங்கிலத்தில் வாங்குகிறோம். என்ன வருத்தம், எந்தக் குளிசையை ஏன் நிறுத்தக்கூடாது என்று வாசிக்க முடியாமல், சுகமாகிவிட்டது என்று மூன்றாம் மாதமே மருந்தை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

எங்கள் வைத்தியர் இனி நெடும் பயணம் செய்ய முடியாத நிலையில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். வெளிநாடுகளில் இருக்கும் மற்றத் தமிழ் வைத்தியர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: தாதியரோடும் கிளினிக்கோடும் கதைத்து, இப்படியான தாள்களைத் தமிழில் எழுதித் தாருங்கள். அச்சடித்து வீடுகளுக்குக் கொடுக்கும் வேலையைச் சனசமூக நிலையங்கள் பார்த்துக்கொள்ளும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அவருடைய தாளின் பிரதி ஒன்றை இக்கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அடுத்த இதழில் ஒரு முழுப் பக்கத்தில், வெட்டி ஒட்டக்கூடிய மாதிரிப் போடுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும். கண்ணாடி தேடுகிற நேரத்தில் வாசிக்க வேண்டிய தாள் அது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
உடுப்பிட்டி.